‘தொழில்’ என்ற கட்டம்

அந்த ஆய்வுக்கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று என் மேஜைமேல் ஒரு கணினியும், மூன்று பென்டிரைவும், சணல் போட்டுக் கட்டிய நாலு படிவக் கட்டும் இருந்தன. முதல் பென்டிரைவில் ‘ஃபைனல்’ என்று ஒரு கோப்பு. அடுத்ததில் ‘ஃபைனல் புதுசு’. மூன்றாவதில் ‘இதுதான் ஃபைனல்’. திறந்து பார்த்தால் மூன்றும் மூன்று விதம். எது சரி என்று சொல்ல வேண்டிய ஆராய்ச்சி மாணவி கல்யாணமாகி வெளிநாடு போய்விட்டார். செய்தி அனுப்பினால் ஒரு வாரம் கழித்து ஒரு சிரிப்பு பொம்மை வரும்.

என் வேலையின் பெயர் தரவு மேலாளர். கேட்க நன்றாக இருக்கும். மதுரையிலேயே படித்து, உயிரித் தகவலியலில் முதுகலை முடித்து, அப்பா அம்மா இருவரும் திருப்பூருக்கு வேலைக்குப் போனபிறகும் இங்கேயே தங்கிக்கொண்டது அந்தப் பெயருக்காகத்தான். மேலாண்மை செய்ய எனக்குக் கீழே யாரும் இல்லை. கண்ணாடிக் கதவுக்கு உள்ளே வெள்ளைக்கோட்டு போட்டவர்கள் ரத்தத்தோடு வேலை பார்த்தார்கள். கதவுக்கு வெளியே, ஜெராக்ஸ் மிஷினுக்குப் பக்கத்தில் நான். அவர்களுடைய சாப்பாட்டு நேரம் சோதனை ஓடும் நேரத்தைப் பொறுத்தது. ஒருவர் இயந்திரம் சுற்ற ஆரம்பித்ததும் இன்னொருவரைக் கூப்பிட்டு, ‘நாப்பது நிமிசம் இருக்கு, வா’ என்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு போவார்கள். எனக்கென்று ஓடும் சோதனை எதுவும் இல்லாததால் நான் யாருடைய நாற்பது நிமிடத்திலும் சேரவில்லை.

அறை வண்டியூரில், தெப்பக்குளத்துக்குப் பின்பக்கத்துச் சந்தில். சாயங்காலம் குளத்தைச் சுற்றி நடப்பேன். குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து மாங்காய் தின்றுகொண்டிருப்பார்கள். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நடப்பேன், அதில் ஒன்றும் ஓடாது. தனியாக நடக்கிறவன் என்று யாரும் நினைக்கக்கூடாது, அவ்வளவுதான்.

எங்கள் ஆய்வு ஹெபடைடிஸ் பி என்கிற கல்லீரல் வைரஸைப் பற்றியது. கொட்டாம்பட்டி தாண்டி, திருச்சி ரோட்டிலிருந்து உள்ளே போனால் வரும் இரண்டு ஊர்களில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்திருந்தார்கள். ஊர்ப்பெயர் வேண்டாம். கூடவே ஒரு படிவம்: வயது, படிப்பு, ஊசி போட்டதுண்டா, ஆபரேஷன் ஆனதுண்டா, இப்படி. அதில் ‘தொழில்’ என்று ஒரு கட்டம். விவசாயம், கூலி, வியாபாரம், அரசு வேலை, வீட்டு வேலை என்று அச்சடித்திருக்கும். ஒன்றை வட்டம் போட வேண்டும். கடைசியில் ‘மற்றவை’ என்று ஒரு கோடு. எங்கள் களப்பணியாளர் அக்காவுக்கு வட்டம் போடுவதே பிடிக்காது. இருபது வருடமாக ஊர் ஊராகப் படிவம் நிரப்பும் அவர், ஆள் வாயால் என்ன சொல்கிறாரோ அதை அப்படியே கோட்டில் எழுதிவிடுவார்.

மாட்டுக்குச் சினை ஊசி போடுறது. கம்பங்கூழ் வண்டி. பந்தல் கட்டுறது. மில்லு, நைட்டு மட்டும். நூறு நாள் வேலை, அதுவும் எப்பவாச்சும். மகன் அனுப்புறான்.

அந்தக் கட்டத்தைத் தட்டச்சு செய்யும்போதுதான் எனக்கு நாள் போனது. பெயர்களை நான் பார்க்கக்கூடாது. அவை தனிப் பட்டியலில் பூட்டியிருந்தன. ஆனால் ‘மகன் அனுப்புறான்’ என்று சொன்ன பாட்டிக்கு எனக்குள்ளே ஒரு முகம் வந்துவிட்டது. மத்தியானம் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு இன்னும் பத்து வரிகள் படிப்பேன். பேச்சுத்துணை மாதிரி.

ஆய்வுக்குப் பணம் தருகிறவர்கள் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள்: வேலை முடிந்ததும் தரவைப் பூட்டி வைக்கக்கூடாது, எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும்படி இணையத்தில் பொதுக் களஞ்சியம் ஒன்றில் போட வேண்டும். மற்றவர்களுக்கு அது தலைவலி. எனக்குத் திருவிழா. ராப்பகலாக உட்கார்ந்து மூன்று ஃபைனல்களையும் படிவத்தோடு ஒப்பிட்டு ஒரே ஃபைனல் ஆக்கினேன். கைபேசி எண்ணை எடுத்தேன். வீட்டு எண்ணை எடுத்தேன். பிறந்த தேதியை வயதாக்கினேன். ஊர்களை ஒன்று, இரண்டு என்று மாற்றினேன். ஆய்வை நடத்தும் பேராசிரியர் அம்மா திரையை எட்டிப் பார்த்து ஒரே கேள்வி கேட்டார்.

“பேரெல்லாம் எடுத்தாச்சா?”

“எடுத்தாச்சு மேடம்.”

கையெழுத்துப் போட்டுவிட்டார். தொழில் கட்டத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஐந்து வகையாகச் சுருக்கிவிடலாம் என்று ஒரு நாள் தோன்றத்தான் செய்தது. மனசு வரவில்லை. அது போனால் மிச்சம் வெறும் எண்தான்.

ஏற்றி முடித்ததும் அம்மாவுக்கு போன் பண்ணினேன். “நான் செஞ்சது உலகம் பூரா பாக்கலாம்மா” என்றேன். “சரிப்பா, சாப்டியா?” என்றார் அம்மா. பின்னால் தையல் மிஷின் சத்தம்.

களஞ்சியப் பக்கத்தில் எத்தனை பேர் கோப்பை இறக்கினார்கள் என்று ஓர் எண் காட்டும். தினமும் காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே அதைத்தான் பார்ப்பேன். மூன்று வாரம் கழித்தும் எட்டுதான். அந்த எட்டில் பெரும்பாலானது நானே, வீட்டிலிருந்து, சரியாகத் திறக்கிறதா என்று பார்த்தது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. ரத்தம் கொடுத்தவர்களுக்கு முடிவைச் சொல்ல ஊரில் ஒரு முகாம் போடுவதாக இருந்தது. ஒவ்வொருவருக்கும் ஒட்டிய கவர், அவரவர் கையில் மட்டும். இவர்களுடைய ரத்தம், இவர்களுடைய தரவு. இவர்கள் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது? இரண்டு நாள் உட்கார்ந்து கோப்பைத் தமிழாக்கினேன். ஆண், பெண், வயது, தொழில், முடிவு. அதையும் களஞ்சியத்தில் ஏற்றி, ஒரு சுவரொட்டி அடித்தேன். ‘உங்கள் ஊர் தந்த தரவு, உங்கள் கையில்.’ கீழே பெரிதாகக் க்யூஆர் கோடு. பேராசிரியர் அம்மா டெல்லி போயிருந்தார். திரும்பி வரட்டும் என்று நான் காத்திருக்கவில்லை.

முகாம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. சனிக்கிழமை. வகுப்பறைக் கதவைச் சாத்திவிட்டு டாக்டர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கவரைக் கொடுத்தார். நான் வெளியே வேப்பமரத்தடியில் சுவரொட்டியை ஒட்டினேன். அக்கா நின்று படித்தார்.

“எதுக்கு தம்பி இது? அதான் ஆளுக்கொரு கவர் குடுக்குறோம்ல?”

“அது அவங்க முடிவுக்கா. இது ஊர் முழுசுக்கும். பேரெல்லாம் இல்ல.”

“பேரு இல்லேல்ல?”

“இல்லக்கா.”

“அப்ப சரி” என்று போய்விட்டார்.

மறுநாள் ஞாயிறு. அறையில் படுத்துக்கொண்டு பார்த்தேன். எட்டாக இருந்த எண் இருபதாகியிருந்தது. மத்தியானம் முப்பதைத் தாண்டியது. சாயங்காலம் நாற்பத்திச் சொச்சம். அன்றைக்குக் குளத்தைச் சுற்றி இரண்டு தரம் நடந்தேன், ஹெட்போன் இல்லாமல். மாங்காய் வாங்கித் தின்றேன். அந்த மகிழ்ச்சியை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

முகாமுக்கு வராதவர்களின் கவரைக் கொடுக்கச் செவ்வாய்க்கிழமை அக்காவோடு ஊருக்குப் போனேன். அக்கா தெருவுக்குள் போக, நான் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் நின்றேன். பெஞ்சில் மூன்று பேர், என் வயது இருக்கும், ஒரே போனில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

“மாப்ள, அடுத்தது. பெண், நாப்பத்தாறு, பால் சொசைட்டி.”

“டேய், உங்காத்தாடா அது!”

“எங்காத்தாவுக்கு நாப்பத்தாறா? அம்பதுல்ல சொல்லுச்சு!”

“வயசைக் கொறச்சிருக்கு மாப்ள. ஒங்கப்பனை ஏமாத்தியிருக்கு.”

சிரித்தார்கள். டீ போட்டுக்கொண்டிருந்தவரும் சிரித்தார். “இந்தா, கம்பங்கூழ் வண்டி. அது யாருன்னு நான் சொல்லணுமா?” என்றான் போன் வைத்திருந்தவன். இது என்ன விளையாட்டு என்று எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. புரிந்ததும் கையிலிருந்த டம்ளர் சுட்டது.

“ஆண், அம்பத்தொண்ணு, மைக்செட்.”

யாரும் சிரிக்கவில்லை. படித்தவன் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து இன்னொரு தரம் பார்த்தான். “பாசிட்டிவ்னு போட்டிருக்கு மாப்ள.”

மைக்செட் என்று இங்கே எழுதுகிறேன். அவருடைய தொழில் அது இல்லை. அதே மாதிரி ஊருக்கு ஒருவர் மட்டுமே செய்கிற வேறொன்று. இந்தத் தடவை மாற்றாமல் எழுதமாட்டேன்.

“அவரு வீட்டுக்கு ஞாயித்துக்கெழமை பொண்ணு பாக்க வாராங்கள்ல?” என்றான் ஒருத்தன் மெதுவாக. டீக்கடைக்காரர் அடுப்பைக் குறைத்தார்.

அவர்களில் ஒருவன் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டான். “சார், கேம்ப் சார்தானே? நீங்க போட்டதுதான் சார் இது. சூப்பரா இருக்கு.”

பள்ளிக்கூடத்துக்கு ஓடிப்போய்ச் சுவரொட்டியைக் கிழித்தேன். பாதிதான் வந்தது, நல்ல பசையாகப் போட்டு ஒட்டியிருந்தேன். அங்கேயே நின்று போனில் கோப்பைப் பூட்டினேன். பூட்டத்தான் முடியும், அழிக்க வேண்டும் என்றால் களஞ்சியத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும். இறக்கி வைத்துக்கொண்டவர்கள் போனில் இருப்பதை யாருக்கு எழுதியும் ஒன்றும் ஆகாது. பேராசிரியர் அம்மாவுக்கு போன் பண்ணினேன். முழுதும் கேட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

“தொழில் கட்டத்தை ஏன் அப்படியே விட்ட?” என்றார்.

“விட்டுட்டேன் மேடம்.”

பிடித்திருந்தது என்று எப்படிச் சொல்வது?

“நெறிமுறைக் குழுவுக்கு நான் எழுதுறேன். அவங்க கூடி, யாரு எப்படிச் சொல்லணும்னு முடிவு பண்ணுவாங்க. அதுவரைக்கும் நீ யார்கிட்டயும் எதுவும் பேசாத.”

“எவ்ளோ நாளாகும் மேடம்?”

“ரெண்டு வாரம். மூணு.”

அக்காவிடம் சொன்னேன். வேப்பமரத்தடியில் கிடந்த காகிதத் துணுக்குகளைப் பொறுக்கிக்கொண்டே கேட்டார். “குழு கூடுறதுக்குள்ள பொண்ணு பாக்க வந்து போயிருவாங்க தம்பி. அந்தாளுக்கு எப்படியும் தெரிஞ்சிரும். ஒன் வாயால தெரியணுமா, டீக்கடையில தெரியணுமா, நீயே சொல்லு.”

மறுநாள் யாரிடமும் கேட்காமல் மைக்செட்காரர் வீட்டுக்குப் போனேன். வீட்டில் இல்லை, கிணற்றுப்பக்கம் போயிருக்கிறார் என்றார்கள். அக்கா தன் ஸ்கூட்டரில் வரப்பு வரைக்கும் கொண்டுபோய் விட்டார். “நீ போ. ரெண்டு பேரா போனா அதுவே ஒரு சேதியாயிரும்.”

பம்ப்செட் அறைக்குப் பக்கத்தில் வாய்க்காலை வெட்டிவிட்டுக்கொண்டிருந்தார். ஒல்லியான, நெட்டையான மனிதர்.

“கேம்ப் தம்பியா? வாங்க. செருப்பைக் கழட்டாதீங்க, முள்ளு கெடக்கு.”

“அண்ணே, ஒரு தப்பு நடந்துபோச்சு. என்னாலதான்.”

“சொல்லுங்க.”

சொன்னேன். வரும் வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. அவர் மண்வெட்டியை நிறுத்தவில்லை. நான் முடித்தபிறகும் நாலு வெட்டு வெட்டினார்.

“தெரியும் தம்பி. காலையில ஒரு பய போன் பண்ணி, ‘சித்தப்பா, ஒடம்பு எப்படி இருக்கு’ன்னான். பத்து வருசமா கேக்காதவன்.”

இன்னும் ஒரு வெட்டு வெட்டினார்.

“எம்புட்டுப் பேரு பாத்திருப்பாங்க?”

“தெரியலண்ணே. நாப்பத்திச் சொச்சம் காட்டுது. அதுல கொஞ்சம் நானே பாத்தது.”

“அழிச்சாச்சா?”

“எங்க பக்கம் மூடியாச்சு. அவங்க போன்ல இருக்கறதை...”

“ம்.” மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தார். “அந்தப் பொம்பள படிவத்தோட வந்து, அண்ணே என்ன தொழில்னு கேட்டப்ப, விவசாயம்னு சொல்லியிருக்கலாம். இந்தா, ஒரு ஏக்கர் இருக்கு. பொய்யும் இல்ல. விவசாயம்னு இந்த ஊருல நூறு பேரு இருப்பான், ஒருத்தனும் கண்டுபிடிச்சிருக்க மாட்டான். ஆனா பாருங்க, யாரு கேட்டாலும் எனக்கு மைக்செட்னுதான் வாயில வரும்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. தன் தவறைக் கண்டுபிடித்தவர் மாதிரிச் சொன்னார்.

“அது உங்க தப்பு இல்லண்ணே.”

“இருக்கட்டும். எனக்கு ஒண்ணு செய்யுங்க. எங்க வீட்ல இன்னும் தெரியாது. டாக்டரு வீட்டாளுகளுக்கும் டெஸ்ட் எடுக்கணும், தடுப்பூசி போடணும்னு சொன்னாரு. நான் சொன்னா, எங்க போயி வாங்கிட்டு வந்தன்னுதான் கேப்பா. நீங்க வந்து சொல்லுங்க, இது அப்படி இல்லன்னு.”

“நான் டாக்டர் இல்லண்ணே. கம்ப்யூட்டர்ல வேலை பாக்குறவன்.”

“படிச்சவருதானே? அவளுக்கு அது போதும்.”

போனேன். அவருடைய மனைவி நாற்காலி போட்டு மோர் கொடுத்தார். நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: இது ரத்தத்தின் வழியாக வருவது; சின்ன வயசில் சரியாகக் கொதிக்க வைக்காத ஊசியால்கூட வந்திருக்கலாம்; பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம்; எப்படி என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது; ஆறு மாதத்துக்கு ஒரு தடவை டாக்டரிடம் பார்த்துக்கொண்டால் நல்லாவே இருக்கலாம். அந்த அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்பத் தெரியும் ஒங்களுக்கு?”

“கேம்ப் அன்னிக்கு.”

“சனிக்கெழமையா?”

அவர் தலையாட்டினார்.

“அதான் பல்வலின்னு தனித் தட்டுல போட்டுத் தின்னீகளா? நீங்களே கழுவி, நீங்களே கவுத்தி வச்சீகளே, நான் என்னமோ ஒதவி பண்றாருன்னுல்ல நெனச்சேன்.” என் பக்கம் திரும்பினார். “தம்பி, தட்டுல ஒட்டுமா இது?”

“ஒட்டாதும்மா. தட்டு, டம்ளரு, ஒண்ணுலயும் ஒட்டாது. பிளேடும் பிரஷும் மட்டும் தனியா வச்சுக்கச் சொல்லுங்க.”

“கேட்டீகளா? நாலு நாளா ஒரே வீட்டுல ஒத்தையில கெடந்திருக்காரு பாருங்க.”

எழுந்து உள்ளே போய்விட்டார். அடுப்படியில் எதையோ ஓங்கி வைக்கும் சத்தம் கேட்டது. நாங்கள் இருவரும் மோர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்த நாலு நாளில் ஒரு நாள் நான் குளத்தைச் சுற்றிச் சந்தோஷமாக நடந்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பஸ்ஸுக்கு அவரே பைக்கில் கொண்டுவந்து விட்டார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தினார். அதே மூன்று பேர் பெஞ்சில். எழுந்து இடம் விட்டார்கள், அவசரமாக. ஒருத்தன் போனைச் சட்டைப்பைக்குள் போட்டான். டீக்கடைக்காரர் இரண்டு கண்ணாடி டம்ளரை எடுத்தார், ஒன்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். எல்லாம் ஒரு நொடிதான்.

“எனக்குப் பேப்பர் கப்புல குடுப்பா” என்றார் அவர்.

தட்டில் ஒட்டாது என்று அரைமணி நேரத்துக்கு முன்னால் சொன்னவன் நான். பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறந்திருக்கலாம். பஸ் வந்துவிட்டது.

குழு மூன்றாவது வாரம் கூடியது. சொல்பேச்சுக் கேட்காமல் போனதற்கு எனக்கு ஒரு கடிதம் வந்தது. போய்ச் சொன்னது சரி என்று குழுவில் ஒருவர் சொன்னதாகப் பேராசிரியர் அம்மா தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வேலை போகவில்லை. கோப்பைத் திருத்தும் வேலையும் என்னிடமே வந்தது. தொழில் கட்டத்தில் ஒவ்வொன்றாக அழித்து ஐந்து வகைக்குள் போட்டேன். கம்பங்கூழ் வண்டி, வியாபாரம். பந்தல் கட்டுறது, கூலி. மகன் அனுப்புறான் என்பதை எதில் போடுவது என்று தெரியாமல் அரைநாள் விட்டு வைத்திருந்தேன். கடைசியில், வேலை இல்லை.

அந்த ஞாயிறு பெண் பார்க்க வந்தார்களா என்று அக்காவிடம் கேட்டேன். “ஜாதகம் சரியில்லைன்னுட்டாங்களாம்” என்றார். உண்மையிலேயே ஜாதகம்தானோ என்னவோ. அதைக் கண்டுபிடிக்க என்னிடம் எந்தத் தரவும் இல்லை.

ஆய்விலிருந்து விலகும் உரிமை மைக்செட்காரருக்கு உண்டு என்று ஒரு படிவம் அனுப்பினோம். கையெழுத்துப் போட்டு அக்காவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். ‘என் ரத்தத்தையும் எடுத்துவிடவும்’ என்று அடியில் பேனாவால் எழுதியிருந்தார். அழகான கையெழுத்து. அவர் வரியை நான் நீக்கினேன். எல்லா அட்டவணைகளிலும் ஒன்று குறைந்தது. விழுக்காடுகளை முதலிலிருந்து போட்டேன். ரத்தத்தை அழிக்கும்போது ஒரு சாட்சி வேண்டும் என்பது விதி. அதற்காகத்தான் முதல் தடவையாகக் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே போனேன்.

ஆய்வுக்கூட உதவியாளர் அண்ணன் உறைபெட்டியைத் திறந்தார். வெள்ளைப் புகை முகத்தில் அடித்தது. அட்டைப்பெட்டிக்குள் வரிசை வரிசையாகச் சின்னக் குப்பிகள். நான் எண்ணை வாசித்தேன், அவர் இடுக்கியால் எடுத்தார். விரல் நகம் அளவுக்குத்தான் இருந்தது உள்ளே. அழிக்கும் பையில் போட்டு, நேரத்தை எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

பெட்டியில் ஒரு குழி காலியாக இருந்தது.

“அதை அப்படியே விட்டுரலாமாண்ணே?” என்றேன்.

“எதுக்கு தம்பி?”

கையெழுத்துப் போட்ட பேனாவை மூடினேன். “இடமே பத்தல, நீ வேற” என்று சொல்லிக்கொண்டே அவர் அடுத்த பெட்டியிலிருந்து ஒரு குப்பியை எடுத்து அந்தக் குழியில் வைத்தார். புது இடத்தைக் கோப்பில் மாற்றிவிடச் சொன்னார். வெளியே வந்து மாற்றினேன்.